கடலோர ஊரில் பழைய கார்

பழைய கார் வாங்க விரும்பி என்னிடம் யோசனை கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "எந்தக் கம்பெனி வண்டி நல்லது?" என்பதே அக்கேள்வி. கேட்பது இயல்புதான். ஆயினும், கையில் ஒன்றரை லட்சமோ இரண்டு லட்சமோ வைத்துக்கொண்டு வண்டி தேடுகிறவருக்கு இதற்கான விடையால் பெரும்பயன் விளைவதில்லை. ஒரு கம்பெனி செய்து வெளியே அனுப்பும் ஆயிரம் வண்டிகளும் முதல் நாளில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். பத்தாண்டு சென்றபின் அந்த ஆயிரமும் ஆயிரம் விதமாகிவிடும். ஒன்று பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் பதமாக ஓடியிருக்கும். மற்றொன்று கண்டவர் கையெல்லாம் பட்டு நொந்திருக்கும். ஒன்று கொட்டகையில் உறங்கியிருக்கும். மற்றொன்று இரவும் பகலும் கடற்காற்றில் நின்றிருக்கும். ஆகையால் வருகிறவர்களிடம் நான் வேறொரு கேள்வியைத் திருப்பிக் கேட்பது வழக்கம்: "நீங்கள் பார்த்திருக்கும் வண்டி இத்தனை நாளும் எங்கே நின்றது?"

தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் மோட்டார் மெக்கானிக் பிரிவு மாணவர்களுக்கு முப்பது ஆண்டுகள் பாடம் சொன்னவன் நான். குடியிருப்பது குருசுக்குப்பத்தில். இவ்விரண்டும் சேர்ந்து, எங்கள் தெருவில் யார் வண்டி வாங்கினாலும் அதன் அடியில் படுத்துப் பார்க்கும் பணியை என்னிடம் கொண்டுவந்து சேர்த்துவிட்டன. வண்டியின் அடியில் கண்டவற்றையே நேயர்களுக்கு முதன்மையாகச் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன்பு சந்தையைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில், வாங்கியபின் தொல்லை கொடுக்கும் காரை 'எலுமிச்சம்பழம்' என்று கேலியாகச் சொல்வார்கள். ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-இல் இந்தச் சொல்லையே தலைப்பில் வைத்துப் பழைய கார்ச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 2001-இல் அவருக்கும் வேறு இருவருக்கும் சேர்த்துப் பொருளாதார நோபல் பரிசு அளிக்கப்பட்டபோது, அக்கட்டுரையின் கருத்தே பெரிதும் பேசப்பட்டது. கருத்து எளியது. வண்டியின் குணம் விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. தெரியாதவன் நல்லதற்கும் கெட்டதற்கும் நடுவில் ஒரு விலையைத்தான் கேட்பான். நல்ல வண்டி வைத்திருப்பவன், "இந்த விலைக்கு நான் ஏன் கொடுக்கவேண்டும்?" என்று வீட்டுக்குத் திரும்பிவிடுவான். கெட்ட வண்டி வைத்திருப்பவனோ மகிழ்ச்சியோடு நிற்பான். இப்படியே நல்லவை விலக விலக, சந்தையில் எஞ்சுபவற்றின் தரம் தாழும். அதைக் கண்டு விலையும் தாழும். அதனால் இன்னும் சில நல்லவை விலகும்.

நம்மூர் நிலைமையை இதனோடு வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. நல்ல பழைய வண்டிகளில் பல சந்தைக்கே வருவதில்லை. மாமனிடமிருந்து மருமகனுக்கும், ஓய்வு பெறும் அதிகாரியிடமிருந்து அதே அலுவலக எழுத்தருக்கும், மாடிவீட்டுக்காரரிடமிருந்து கீழ்வீட்டுக்காரருக்கும் அவை கைமாறிவிடுகின்றன. பணம் குறைவாக உள்ளவர் தரகரிடம் செல்லுமுன், தம் உறவிலும் தெருவிலும் வேலை செய்யுமிடத்திலும் "கார் வேண்டும்" என்று சொல்லிவைக்க வேண்டும். இரண்டு மாதம் காத்திருக்கவும் வேண்டும். அம்பாஸடர், பியட், சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று எண்ணிச் சொல்லக்கூடிய சில வண்டிகளே இருந்த காலத்தில், புதிய காருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் இரண்டு மாதம் ஒரு பொருட்டா?

இனிக் கடலுக்கு வருவோம். குருசுக்குப்பம் புதுச்சேரி நகரின் வடபுறத்தில் கடலை ஒட்டிக் கிடக்கும் மீனவர் குடியிருப்பு. 1980-களின் பிற்பகுதியில் நகரின் தெற்கே துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. இந்தக் கரையோரத்தில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருப்பது. அந்தச் சுவர்கள் அதைத் தடுத்துவிட்டதால் வடபகுதியின் மணற்கரை கரைந்தது. எஞ்சிய நிலத்தைக் காக்கப் பாறைகளைக் கொட்டினார்கள். மணலில் ஓடி அடங்கவேண்டிய அலை பாறையில் மோதிச் சிதறும்போது, கண்ணுக்குத் தெரியாத உப்புத் துளிகள் காற்றில் ஏறித் தெருவுக்குள் வருகின்றன. எங்கள் வீட்டுச் சன்னல் கம்பிகளை ஆண்டுதோறும் சுரண்டி வண்ணம் பூசுகிறோம். தெருவில் நிற்கும் காரின் அடித்தட்டைச் சுரண்டிப் பூசுவார் யார்?

இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றும் போதும். உப்பு அதற்குத் துணையாக இரு வேலைகளைச் செய்கிறது. நீரில் கரைந்து மின்னோட்டம் எளிதாகச் செல்ல வழி செய்து, துருப்பிடிக்கும் வேகத்தை அது கூட்டுகிறது. மேலும், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்வதால், மழை பெய்யாத நாளிலும் இரும்பின் மேற்பரப்பு நனைந்தே இருக்கிறது. டில்லிக்கருகே மெஹ்ரோலியில் உள்ள இரும்புத் தூண் ஏறக்குறைய 1600 ஆண்டுகளாகப் பெரிதும் துருவாமல் நிற்கிறது என்று வியக்கிறோம். அதில் கந்தகம் குறைவாகவும் பாஸ்பரஸ் மிகுதியாகவும் இருப்பதோடு, டில்லியின் வறண்ட காற்றும் அதற்குத் துணை நின்றது. அத்தூண் எங்கள் தெருவில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் மாணவர்களைக் கேட்பதுண்டு. ஒடிசாவில் கடலருகே உள்ள கோனார்க் கோயிலின் பழைய இரும்பு உத்தரங்கள் துருவேறிக் கிடப்பதை அவர்களுக்கு விடையாகச் சொல்வேன்.

வண்டியின் மேற்பூச்சைப் பார்த்து இதை அறிய முடியாது. பூச்சு பளபளவென்றிருக்கும், அரிப்பு உள்ளிருந்து வெளியே வரும். பார்க்கவேண்டிய இடங்களைச் சொல்கிறேன். கதவுகளின் அடியோரத்தில் மழைநீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். அவை மண்ணால் அடைபட்டால் நீர் உள்ளே தங்கி, கதவின் அடி உட்புறமாக உளுத்துவிடும். விரலால் அழுத்திப் பாருங்கள். கதவுக்குக் கீழே ஜாக்கி வைக்கும் இடத்தில் தகடு மடிந்தோ சொரசொரப்பாகவோ இருந்தால் ஐயுற வேண்டும். பின்புறப் பெட்டியில் விரிப்பை நீக்கி, உபரிச் சக்கரத்தை வெளியே எடுத்து, அது கிடந்த குழியைப் பாருங்கள். பிறகு, சர்வீஸ் நிலையம் ஒன்றில் சில நூறு ரூபாய் கொடுத்து வண்டியைத் தூக்கிவைக்கச் சொல்லுங்கள். அந்தச் சில நூறைச் செலவிட மனம் வராமல் லட்சத்தை இழந்தவர்களை நான் அறிவேன். அடியில் பிரேக் குழாய்கள், பின் அச்சு பொருத்தப்பட்ட இடங்கள், தளத்தின் ஓரங்கள் ஆகியவற்றைச் சிறு சுத்தியின் கைப்பிடியால் தட்டினால், நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். உளுத்த தகடு மந்தமாக ஒலித்துத் துருச் செதிலை உதிர்க்கும். அடித்தட்டு முழுவதும் புத்தம்புதிய கறுப்புப் பூச்சாக இருக்கக் கண்டால் மகிழவேண்டா. விற்பதற்கு முதல் வாரம் பூசிய பூச்சுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

காந்தத் துண்டு ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இரும்புத் தகட்டின்மேல் அது ஒட்டும். பட்டி பூசி நிரப்பிய இடத்தில் ஒட்டாது, அல்லது தளர்வாகப் பிடிக்கும். பம்பர் போன்ற பிளாஸ்டிக் பகுதிகளில் ஒட்டாதது குற்றமாகாது.

துருவுக்கு இத்தனை இடம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. எஞ்சின் கெட்டால் திருத்தலாம். கிளட்ச், பிரேக், ரேடியேட்டர் முதலியவற்றுக்கு உதிரிபாகம் கிடைக்கும். செலவு இன்னது என்று முன்கூட்டியே கணக்கிடவும் முடியும். தளமும் சட்டமும் உளுத்த வண்டிக்கு அப்படிப்பட்ட கணக்கு இல்லை. ஓட்டையை வெட்டித் தகடு வைத்துப் பற்றவைத்தால், அதன் ஓரத்திலேயே துரு மீண்டும் தொடங்கும். விபத்து நேர்ந்தால் உள்ளே இருப்பவரைத் தாங்கவேண்டிய சட்டமும் அதுவே.

புதுச்சேரியில் வாங்குவோர் கவனிக்கவேண்டிய மற்றொன்று வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015 டிசம்பரில் சென்னையில் எண்ணற்ற கார்கள் நீரில் மூழ்கியதை நேயர்கள் அறிவார்கள். 2024 நவம்பர் 30-ஆம் நாள் பெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர் முதலிய தாழ்ந்த பகுதிகளில் வண்டிகள் நீரில் நின்றன. அத்தகைய வண்டிகளைக் கழுவி உலர்த்தி மணம் தெளித்து விற்பனைக்கு நிறுத்துவது கடினமன்று. மறைக்கக் கடினமானவையும் சில உண்டு. இருக்கைப் பட்டையை முடிவுவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு தெரியும். இருக்கையின் அடியில் உள்ள திருகாணிகளும் நகரும் தண்டவாளமும் துருப்பிடித்திருக்கும். விளக்குக் கண்ணாடிக்குள் ஈரம் படர்ந்திருக்கும். காற்றுப் பைக்கான சிவப்பு விளக்கு, சாவியைத் திருப்பியவுடன் எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாமல் நின்றால் பழுது என்பது வெளிப்படை. எரியவே இல்லையென்றால் யாரோ அதைத் துண்டித்திருக்கக்கூடும். அஃது இன்னும் மோசம்.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். நீங்கள் செல்லுமுன் வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைக்கவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சென்றதும் மூடியில் கை வைத்துப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினே உண்மை பேசும். கிளப்பியபின் நீலப்புகை தொடர்ந்து வந்தால் எண்ணெய் எரிகிறது. சூடேறிய பிறகும் வெண்புகை அடங்காமலிருந்தால் குளிர்விக்கும் நீர் எஞ்சினுக்குள் புகுந்திருக்கலாம். எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றினால் பாலேடு போன்ற பசை காணப்படின், எண்ணெயில் நீர் கலந்திருக்கக்கூடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் உண்டு: 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டு இருபத்து மூன்றாவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். கிலோமீட்டர் காட்டியை மாற்றுவது இக்காலத்தில் சில நிமிட வேலை. ஆகையால் அது காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல், சர்வீஸ் ரசீதுகளையும், மிதிகட்டையின் ரப்பரையும், ஸ்டீரிங் வளையத்தின் தேய்வையும் பார்க்கவேண்டும். முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியதாகச் சொல்லும் வண்டியில் பிரேக் மிதிகட்டை வழுக்கையாக இருப்பானேன்?

எங்கள் தெருவில் நடந்த ஒன்றை இங்கே சொல்லவேண்டும். 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மின் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய தந்தைக்குச் சிறுநீரகம் பழுதுபட்டு, வாரம் மூன்று முறை ஜிப்மர் மருத்துவமனைக்கு டயாலிசிஸ் செய்ய அழைத்துச் செல்கிறார்கள். போகவர ஆட்டோவுக்கு நானூறு ரூபாய். ஆண்டுக்கு அறுபதாயிரத்துக்கு மேல். சிகிச்சை முடிந்து தளர்ந்து வரும் பெரியவரைச் சில நாள் ஒரு மணி நேரம் வாசலில் நிறுத்திவைக்கவும் நேர்ந்தது. சீட்டு எடுத்த பணத்தோடு மனைவியின் வளையலை அடகு வைத்த பணத்தையும் சேர்த்து இரண்டு லட்சம் வைத்திருந்தார். "இதற்குமேல் ஒரு ரூபாயும் இல்லை ஐயா, வண்டி நடுவழியில் நின்றால் அப்பாவுக்கு ஆபத்து" என்றார்.

அவர் மனம் 2016-ஆம் ஆண்டு வண்டி ஒன்றில் பதிந்திருந்தது. விலை 1,95,000. வெள்ளை வெளேரென்று புதுக்கருக்கு அழியாமல் இருந்தது. எஞ்சினும் குறை சொல்ல முடியாதது. தூக்கிப் பார்த்தபோது ஓட்டுநர் காலடித் தளத்தில் என் திருப்புளி புகுந்து மறுபக்கம் வந்தது. எட்டு ஆண்டுகளாகக் கடற்கரைத் தெருவில் கூரையின்றி நின்ற வண்டி அது. வேறொன்று, வில்லியனூரில் மாட்டுக்கொட்டகையை ஒட்டிய சார்ப்பில் நின்ற 2012-ஆம் ஆண்டு ஆல்ட்டோ. பூச்சு மங்கி, ஒரு கதவில் அடிவாங்கிய தழும்போடு, 84,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. அடித்தட்டு மண் படிந்து கிடந்தாலும் கட்டியாக இருந்தது. இளைஞருக்கு முகம் வாடியது; நான்கு ஆண்டு பழைய வண்டியை ஏன் வாங்கவேண்டும் என்று அவர் மனைவியும் கேட்டார். நியாயமான கேள்விதான். கோலால் ஒரு முறை தளத்தைத் தட்டிக் காட்டியபின் அந்த அம்மையார் கேட்கவில்லை.

1,48,000-க்குப் பேசி முடித்தோம். நான்கு டயர்களும் பேட்டரியும் 18,000. டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது இல்லாததால் அதையும், பிரேக் கட்டைகளையும், எண்ணெய்களையும், பெட்ரோல் செல்லும் ரப்பர் குழாய்களையும் மாற்ற 11,000. ரப்பர் குழாய்களை மாற்றியது வீண் செலவன்று. எத்தனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் நாடெங்கும் பரவிய பிறகு, 2023-க்கு முன் செய்யப்பட்ட வண்டிகளில் இப்பகுதிகளைக் கவனித்துக்கொள்வது நல்லது. இன்சூரன்சுக்கும் பெயர் மாற்றத்துக்கும் 9,000. எஞ்சிய 14,000 வங்கியில் தனியே வைக்கப்பட்டது. குறைந்த பணத்தில் வாங்குகிறவர் கையிலிருப்பதை முழுவதும் விலையாகக் கொடுத்துவிடலாகாது என்பதை நான் வற்புறுத்துவது வழக்கம். நாலில் ஒரு பங்கையாவது முதல் ஆண்டுக்கென்று ஒதுக்கவேண்டும்.

பத்திரங்கள் வண்டியைப்போலவே முக்கியம். இதில் புதுச்சேரிக்கென்று சில சிக்கல்கள் உண்டு. எங்கள் தெருவிலிருந்து வடக்கே நடந்தால் முத்தியால்பேட்டை. அதைத் தாண்டினால் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. நடந்து கடக்கக்கூடிய எல்லை. ஆனால் வண்டிக்கு அது மாநில எல்லை. புதுச்சேரியில் கார் வரி நெடுங்காலம் அண்டை மாநிலங்களைவிடக் குறைவாக இருந்ததால், வெளியூர்க்காரர் பலர் இங்கே பெயருக்கு ஒரு முகவரி காட்டிப் பதிவு செய்தார்கள். 2017-இல் கேரளத்தில் விலையுயர்ந்த கார்கள் இவ்வாறு பதிவானதுபற்றி விசாரணை எழுந்தது. எனவே 'பி.ஒய். 01' என்ற பலகையைக் கண்டவுடன் உள்ளூர் வண்டி என்று முடிவு கட்டவேண்டாம். பதிவுப் புத்தகத்தில் உள்ள முகவரியில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று பாருங்கள். கோட்டக்குப்பத்தார் புதுச்சேரி வண்டியை வாங்கிப் பன்னிரண்டு மாதத்துக்குமேல் அங்கே வைத்திருப்பதானால், தடையில்லாச் சான்று பெற்று, அங்குள்ள வரி கட்டி மறுபதிவு செய்யவேண்டும். டில்லியிலிருந்து மலிவாக வரும் வண்டிகளுக்கும் இதே விதி. அங்கே பத்தாண்டு டீசல் வண்டிகளுக்கும் பதினைந்தாண்டு பெட்ரோல் வண்டிகளுக்கும் விதிக்கப்பட்ட தடையை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தபின், அவை தெற்கே பெருகின. விலையோடு வரியைக் கூட்டிப் பார்த்தால் மலிவு மறைந்துவிடுவதுண்டு.

பதிவுப் புத்தகத்திலுள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்தவற்றோடு ஒத்திருக்கவேண்டும். வங்கிக் கடன் குறிப்பு இருந்தால், கடன் தீர்ந்த சான்றும் 35-ஆம் எண் படிவமும் வரும்வரை முழுப்பணம் கொடுக்கவேண்டாம். அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணை இட்டால், பதிவு, இன்சூரன்சு ஆகியவற்றின் காலம் தெரியும். சொந்தக் காருக்கு முதல் பதிவு பதினைந்து ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கவேண்டும். 600 ரூபாயாக இருந்த அக்கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. இளைஞர் வாங்கிய 2012-ஆம் ஆண்டு வண்டிக்கு 2027-இல் இச்செலவு வரும் என்பதையும் அன்றே எழுதிவைத்தோம். தரகுக் கடையில் வாங்குவதானால், 2023 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள விதிப்படி அவர்கள் அங்கீகாரச் சான்று பெற்றவர்களா என்று கேட்கலாம்.

விற்பவரும் வாங்குபவரும் 29, 30-ஆம் எண் படிவங்களில் கையொப்பமிட்டுப் பெயர் மாற்றத்தை முடிக்கவேண்டும். வாங்குபவருக்குச் சட்டம் முப்பது நாள் தருகிறது. "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று வெற்றுப் படிவத்தில் கையொப்பம் வாங்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டுவோர் உண்டு. 2018-இல் உச்ச நீதிமன்றம், வண்டி பலர் கைக்கு மாறியிருந்தாலும் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. எனவே இதில் விற்பவருக்கும் அக்கறை இருக்கவேண்டும். இன்சூரன்சைத் தம் பெயருக்கு மாற்றப் பதினான்கு நாளுக்குள் விண்ணப்பிப்பதும் வாங்குபவர் கடமை. பழைய உரிமையாளருக்கு இருந்த 'கிளெய்ம் இல்லாத' சலுகை அவருடனேயே போய்விடும், உங்களுக்கு வராது.

இனி வாங்கிய வண்டியைக் காக்கும் வழி. எங்கள் தெருவைப்போன்ற இடங்களில் காரை உறையிட்டு மூடுகிறார்கள். ஈரம் உள்ளே தங்கும் பிளாஸ்டிக் உறை துருவுக்கு உதவி செய்யும். காற்றுப் புகும் துணியே நல்லது. கிணற்று நீர் உவர்ப்பாக உள்ள வீடுகளில் அதைக்கொண்டு வண்டி கழுவுவதைவிடக் கழுவாமலிருப்பது மேல். நல்ல நீரால் பதினைந்து நாளுக்கொரு முறை, சக்கரங்களின் உட்குழியிலும் அடித்தட்டிலும் பீய்ச்சிக் கழுவி, கதவின் அடித்துளைகளை ஈர்க்கால் குத்திவிட்டு, வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்தி உலர்த்தினால் போதும். அந்த இளைஞர் ஞாயிற்றுக்கிழமைகளில் இதைச் செய்கிறார். ஈர்க்குச்சி எடுத்துக் கொடுப்பது அவருடைய தந்தை.